சட்டமியற்றுவோரும் கருவியறிவும்

பனை ஒன்றே, பாளை ஒன்றே, பாளையினின்று சொட்டும் நீரும் ஒன்றே. அந்நீரை ஏந்தும் கலயத்தின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவியிருப்பின் விடியற்காலையில் இறக்கப்படுவது பதநீர்; தடவாது விட்டிருப்பின் அதுவே புளித்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் ஓமலூரிலும் பிறந்து வளர்ந்த நம் மாணவருட் பலர் இதனைத் தம் பாட்டனார் வாயிலாகவேனும் கேட்டிருப்பர். நாவறிந்த இவ்வேறுபாட்டைச் சட்டமும் அறிந்திருந்த காலம் ஒன்று நம் ஜில்லாவில் இருந்தது. அக்காலத்தையும், கைபேசியின் வழியாகப் பணயம் வைத்துச் சீட்டாடுவதைத் தடுக்க 2020 முதல் 2025 வரை இயற்றப்பட்ட சட்டங்களையும் அருகருகே வைத்து, ஒரு கருவியைக் கட்டுப்படுத்தப் புகுவோர் அக்கருவியை எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும் என ஆராய்வதே எமது நோக்கம். சூது நன்றோ தீதோ என்பது இங்கே வினாவன்று. அதன் தீமையை நம் முன்னோர் வேண்டுமளவு கூறியிருக்கின்றனர். தீயது எனத் தெளிந்த ஒன்றை எவ்விடத்திற் பிடித்து நிறுத்துவது என்பதே வினா.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவிலேயே. அந்நாளைய சேலம் ஜில்லா மிகப் பெரிது. 1965-இற் பிரிந்த தருமபுரியும், 1997-இற் பிரிந்த நாமக்கல்லும் அதனுள் அடங்கியிருந்தன. வடக்கே ஓசூர் வரை அது பரந்திருந்தது. அச்சட்டத்தைக் கொணர்ந்த முதன்மந்திரி இராஜகோபாலாச்சாரியார் இவ்வூர்களுக்கு அயலாரல்லர். சேலத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தியவர். நகரசபைத் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடிசையில் வாழ்ந்தவர். 1929-இல் மதுவிலக்கிற்கென்றே ‘விமோசனம்’ என்னும் திங்களிதழை அங்கிருந்து நடத்தினார். பின்னாளில் ‘கல்கி’ என நாடறிந்த கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணையாயிருந்தார். ஆகவே சட்டம் எழுதப்பட்டபொழுது, அதனை எழுதுவித்தவர் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வூர்ப் புழுதியில் நடந்திருந்தார். கூலி வாங்கிய மாலையில் நெசவாளி எத்தெருவின் வழியாக வீடு திரும்புவான், கடை எம்மூலையில் இருக்கும், மரமேறியின் கத்தி எத்தகையது என்பன அவருக்குக் கேள்வியறிவு அல்ல.

அவ்வறிவின் பயனைக் கலயத்திற் காணலாம். மரமேறும் தொழிலையே ஒழித்துவிடாமல், சுண்ணாம்பிட்ட கலயத்திற் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவதற்கு இடம் விடப்பட்டது. சுண்ணாம்பு இருக்கின்றதா இல்லையா என்பதை ஒரு சேவகன் விரலை விட்டுப் பார்த்து அறியலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டுவதில்லை. ‘இந்நீர் மயக்கும் தன்மையதோ அன்றோ’ என்று சாத்திர விசாரணை நடத்தாமல், மயக்கம் பிறக்கும் இடம் எதுவெனக் கண்டு அங்கே கை வைத்தனர். அதனாற் குற்றமே நிகழவில்லை என்று யாம் கூறவில்லை. ஜில்லாவின் எல்லையைத் தாண்டிக் குடித்து வந்தோர் இருந்தனர். மறைவிற் காய்ச்சியோரும் இருந்தனர். இழந்த வரும்படியை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கே நிறுத்திவைக்கவும் பட்டது. ஆயினும் அச்சட்டம் தோற்ற இடங்களிலுங்கூட அறியாமையால் தோற்றது என்று சொல்லுதல் அரிது.

இனிச் சூதுக்கு வருவோம்.

நம் மாகாணத்தில் நெடுங்காலம் ஆண்ட சட்டம் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். அதன் மனத்தில் இருந்த சூது எத்தகையது என்பதை அதன் சொற்களே காட்டும். ‘பொதுச் சூதாட்ட வீடு’ என்பது அதன் நடுநாயகமான சொல். ஒரு வீடு, அல்லது அறை, அல்லது கூடாரம்; அதற்கோர் உடையவன்; அவன் கொள்ளும் ஆதாயம்; விரித்த பாய்; சீட்டுக்கட்டு; போலீசார் புகுந்து கைப்பற்றக்கூடிய காசு. இவ்வளவும் இருந்தாற்றான் அச்சட்டத்திற்குக் கை கால் உண்டு. அதிலேயே ஒரு விலக்கும் வைக்கப்பட்டிருந்தது: திறமையொன்றையே சார்ந்த ஆட்டங்களைச் சட்டம் தீண்டாது. இவ்விலக்கு வாசலின் வழியாகவே பிற்காலத்து வழக்குகள் எல்லாம் நுழைந்தன. 1967-இல் உச்சநீதிமன்றம், ரம்மி என்னும் சீட்டாட்டம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது எனத் தீர்த்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தலும், எதனைக் கொள்வது எதனைத் தள்ளுவது எனத் தேர்தலும் அறிவின் தொழில் என்பது அதன் காரணம். அத்தீர்ப்புப் பிறந்த வழக்கு ஒரு மனமகிழ் மன்றத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடியோரைப் பற்றியது என்பதை இங்கே நினைவிற் கொள்க.

பாயும் மேசையும் மறைந்த கதை அண்மைக் காலத்தது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் யூ.பி.ஐ. என்னும் பணமாற்று முறை தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வரவால் இணையத்தின் விலை மிகத் தாழ்ந்தது. இவ்விரண்டும் கூடியமையாற்றான் பணயச் சீட்டு நம் சமவெளியின் சிற்றூர்களுக்கு நடந்து வந்தது என்பது எமது கருத்து. சீட்டாட்டச் செயலிகள் அதற்கு முன்னரே இருந்தன. ஆனால் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளியோ, நாமக்கல்லினின்று சரக்கேற்றி வடநாடு செல்லும் லாரி ஓட்டுநரோ, சாலையோரத்தில் நின்றபடியே தம் வங்கிக் கணக்கினின்று நூறு ரூபாயை எடுத்துப் பணயத்தில் வைத்தல் அப்பொழுது எளிதன்று. வழி திறந்தபின் நூறு ஆயிரமாயிற்று, ஆயிரம் இலட்சமாயிற்று. கடன்பட்டு உயிர் மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் தமிழ்நாடெங்கும் நாளிதழ்களில் அடுத்தடுத்து வெளிவந்தன. சட்டசபையார் விரைந்தமைக்குக் காரணம் இது. அவ்விரைவை யாம் குறை கூறோம். வீட்டில் பிணம் கிடக்க இலக்கணம் பேசுவார் எவர்?

முதலில் 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது; அதுவே 2021-இல் திருத்தச் சட்டமாயிற்று. அது செய்தது என்னையெனின், 1930-இன் பழைய வீட்டுக்குக் கணினி என்னும் புதியதோர் அறையைக் கட்டிச் சேர்த்தது. பணயம் வைத்தாடும் ஆட்டம் திறமையினதாயினும் ஆகுக, வாய்ப்பினதாயினும் ஆகுக, எல்லாம் குற்றமென்றது. 2021 ஆகஸ்டு 3-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணெனத் தள்ளிற்று. வலை மிக அகலமானது. மீனையும் பிடித்தது, தோணியையும் பிடித்தது என்று அத்தீர்ப்பின் சாரத்தை எம் சொல்லிற் கூறலாம்.

பின்னர் அரசினர் 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைத்தனர். தொழில்நுட்பம் அறிந்தவர், மனநோய் மருத்துவர், காவல்துறை அதிகாரி ஆகியோர் அதில் இடம்பெற்றமை பாராட்டத்தக்கது. ஆனால் அறிக்கைக்குக் குறிக்கப்பட்ட தவணை இரண்டு வாரம்! புதுப்பாளையத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை நினைத்த உள்ளத்துக்கு இது வியப்பாகவே தோன்றும். அக்குழுவின் அறிக்கையைத் தழுவி அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டமும், அதனையடுத்து மசோதாவும் வந்தன. 2023 மார்ச்சில் கவர்னர் அதனைத் திருப்பியனுப்ப, சட்டசபை அம்மாதத்திலேயே அதனை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமாயிற்று.

இச்சட்டம் முன்னையதினும் தேர்ந்தது. தனித்ததோர் ஆணையத்தை நிறுவிற்று. ஆடுவோன், விளம்பரம் செய்வோன், ஆட்டத்தை நடத்துவோன் என மூவரையும் பிரித்துத் தண்டனையை ஏற்றிக் கூறிற்று. ஆடுவோனுக்கு மூன்று மாதம். நடத்துவோனுக்கு மூன்று ஆண்டு. வாய்ப்பு விளையாட்டு என்பதற்கு இலக்கணம் வகுக்குமிடத்தில், சீட்டு, பகடை, சக்கரம் முதலியவற்றைக்கொண்டு, எழுமாற்றாக முடிவு பிறப்பிக்கும் நிரலால் இயங்கும் ஆட்டம் என்றொரு கூறும் வைத்தது. கருவியின் உள்ளே ஒரு விரல் நுழைந்திருக்கிறது என்று யாம் முதன்முறை படித்தபொழுது மகிழ்ந்தோம். அடுத்துச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இருந்தது; அதில் ரம்மி, போக்கர் என்னும் இரு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன.

2023 நவம்பர் 9-ஆம் தேதி உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. சட்டம் நிற்கும், அட்டவணை நில்லாது. வாய்ப்பு விளையாட்டுகளைத் தடுக்கலாம். திறமையாட்டங்களுக்குக் காலவரை, வயதுவரை முதலிய ஒழுங்குகளை வகுக்கலாம். ஆனால் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டென எழுதிவிடுதல் இயலாது. இத்தீர்ப்பில் நம் பொருளுக்கு உயிர்நிலையான பகுதி ஒன்றுண்டு. நேரில் ஆடும் ரம்மி வேறு, இணையத்தில் ஆடும் ரம்மி வேறு. இணையத்தில் மனிதருக்கு மாறாக இயந்திர ஆட்டக்காரர் அமரக்கூடும். நிரலை எழுதியவர் சீட்டுகளை அறிந்திருக்கவும் கூடும் என்பது அரசினர் வாதம். அவ்வச்சத்துக்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் வினவிற்று. மேசைமேற் கையாற் கலைத்தலுக்கும் நிரலாற் கலைத்தலுக்கும் வேற்றுமை உண்டென்பதை அரசினர் மெய்ப்பிக்கவில்லை என்றது.

அன்பர்காள், இங்கே சிறிது நிற்போம். அரசினர் அச்சம் பொய்யா? அன்று. மெய்ப்பிக்க இயலாததா? அதுவும் அன்று. எங்கே பார்க்கவேண்டும் என்று அறிந்தவர் மெய்ப்பித்த கதை ஒன்று அமெரிக்காவில் 1999-இலேயே நிகழ்ந்திருக்கிறது. கணக்கில் விருப்பமுள்ள மாணவர் இதனைக் கூர்ந்து படிக்க.

ஒரு கட்டில் 52 சீட்டுகள் உள. அவற்றை வரிசைப்படுத்தும் வகைகள் எத்தனை? 52, 51, 50 என ஒன்று வரை இறங்கி எல்லாவற்றையும் பெருக்கினால் வரும் தொகை அது. ஏறக்குறைய எட்டை எழுதி அதன் பின் 67 சுழியங்களை இடுதல் வேண்டும். நன்கு கலைத்த கட்டு இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். ஆதலின் எவரும் முன்னறிய இயலாது. கணினியோ கையால் கலைப்பதில்லை. அதற்கு ஒரு தொடக்க எண் வேண்டும், வித்து என்பர். அவ்வித்திலிருந்து ஒரு வாய்பாட்டின்படி எண்களை வரிசையாகப் பிறப்பித்து அவற்றின்வழிச் சீட்டுகளை இடமாற்றும். வித்து ஒன்றாயின் கலைப்பும் ஒன்றே. அவ்வாண்டில் போக்கர் ஆட்டத்துக்கு நிரல் எழுதிய நிறுவனம் ஒன்று, தன் நேர்மையை நாட்டறியக் காட்டும் பொருட்டுத் தன் கலைப்பு முறையைத் தானே வெளியிட்டது. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்னும் ஆய்வு நிறுவனத்தார் அதனைப் படித்தனர். வித்தாக வைக்கப்பட்டது 32 இருமக் கூறுகளைக் கொண்ட எண்; ஆகவே பிறக்கக்கூடிய கலைப்புகள் 429 கோடிக்கு மேற்படா. அதுமட்டுமோ? அவ்வித்து, நள்ளிரவு தொடங்கிக் கழிந்த மில்லிசெகண்டுகளின் தொகையினின்று எடுக்கப்பட்டது. ஒரு நாளில் மில்லிசெகண்டுகள் 8 கோடியே 64 இலட்சம். ஆய்வாளர் தம் கடிகாரத்தை மையக்கணினியின் கடிகாரத்தோடு இசைத்து, ஐயத்தை ஏறக்குறைய இரண்டு இலட்சம் கலைப்புகளுக்குள் அடக்கினர். பின்பு தம் கையிலுள்ள இரண்டு சீட்டுகளையும், மேசையில் விரித்த மூன்று சீட்டுகளையும் கணினிக்கு அளிக்க, எஞ்சிய சீட்டுகள் அனைத்தும், எதிரியின் கைச்சீட்டு உட்பட, அப்பொழுதே திரையில் விரிந்தன!

கையாற் கலைத்தலும் நிரலாற் கலைத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஒரு நிறுவனத்தின் பழுது மற்றெல்லா நிறுவனத்துக்கும் பொருந்தாது என்பது உண்மையே. அப்பழுதும் அன்றே அறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆனால் நீதிமன்றத்தில் வைக்கத்தக்க ஆதாரம் எவ்வுருவில் இருக்கும் என்பதை இது காட்டுகிறது. ‘இயந்திரம் ஏமாற்றக்கூடும்’ என்பது அச்சம். ‘உம் நிரலின் வித்து எது? அதனை எங்கிருந்து எடுக்கிறீர்? கடந்த ஆண்டின் ஆட்டப் பதிவுகளைத் தருக. ஒவ்வொரு கணக்கும் எத்தனை நொடியில் சீட்டை எறிந்தது என்று பார்ப்போம்’ என்பது வினா. மனிதன் சில வேளை இரண்டு நொடியில் எறிவான். சில வேளை தேநீர் குடிப்பான். இயந்திரம் தேநீர் குடிக்காது. இவ்வினாக்களைச் சட்டம் தன் வாயால் முதலிலேயே கேட்டு, விடையைத் தணிக்கை செய்வோரையும் அமர்த்தியிருந்தால், அட்டவணையில் இரு பெயர்களை எழுதவேண்டிய தேவையே இராது. பெயரை எழுதுதல் மரத்தைக் குற்றவாளியாக்குதல். வித்தைக் கேட்டல் கலயத்தில் விரலிடுதல்.

கருவியறியாமை சட்டசபைக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் என்னும் காணொளிச் செயலியை எவரும் பதிவிறக்காதபடி தடுக்குமாறு ஆணையிட்டது. அம்மாத நடுவில் அது செயலிக் கடைகளினின்று நீக்கப்பட்டது. ஆயினும் முன்னரே கைபேசியில் ஏற்றிவைத்திருந்த கோடிக்கணக்கானவர்க்கு ஒரு குறையுமில்லை; அவர்கள் ஆடியும் பாடியும் இருந்தனர். கடையை மூடியது ஆணை; வீட்டிலிருந்த பண்டத்தை அது தொடவில்லை. 24-ஆம் தேதி ஆணையும் விலக்கப்பட்டது. 2020 ஜூனில் மத்திய அரசார் வேறு காரணம் பற்றி அதனைத் தடுத்தபொழுது, செயலிக் கடையோடு நில்லாமல் இணைய வழியையே அடைத்தனர். அதன் பின்னரே அது உண்மையில் ஓய்ந்தது.

மீண்டும் சீட்டுக்கு வருவோம். 2023-இன் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. பதினெட்டு வயது நிரம்பாதோர் பணம் வைத்து ஆடலாகாது. ஆதார் எண்ணால் ஆளை அறிந்து, அதன்மேல் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் குறியெண்ணாலும் உறுதி செய்தல் வேண்டும். தொடர்ந்து ஒரு மணிக்கு மேல் ஆடுவோர்க்குத் திரையில் எச்சரிக்கை தோன்றுதல் வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் நடைபெறலாகாது. நிறுவனத்தார் வழக்கிட்டனர், 2025 ஜூன் 3-ஆம் தேதி உயர்நீதிமன்றம் விதிகளை நிலைநாட்டிற்று.

இவ்விதிகளை யாம் வகுப்பில் மாணவரோடு படித்தோம். நேரத் தடையைப் பற்றி முதலிற் பேச்செழுந்தது. இது நல்ல விதி என்றே எமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் மையக்கணினிக்குக் கடிகாரம் உண்டு. திறமையா வாய்ப்பா என்று கேட்டால் அது விழிக்கும். மணி பன்னிரண்டா என்று கேட்டால் உடனே விடை கூறும். அதன் பதிவேட்டைப் பார்த்து மீறலையும் அறியலாம். ஆனால் குமாரபாளையத்தினின்று வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கள் தெருவில் இரவு முறைத் தறிக்காரர் உறங்குவது பகலிலேதான், அவருக்கு நள்ளிரவு எது?” என்றார். யாம் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. விதியை எழுதியவர் இரவை உறங்கும் பொழுதாகவும், உறங்காதவனை அடிமைப்பட்டவனாகவும் கொண்டனர்; நகரத்து அலுவலருக்கு அது பொருந்தும். தறியும் லாரியும் ஆழ்துளைக் கிணற்று வண்டியும் ஓடும் நம் சமவெளியில் இரவும் பகலும் அவ்வாறு பிரிந்திருக்கவில்லை. சரக்குக்காக நண்பகலில் வேப்பமர நிழலில் எட்டு மணி நேரம் காத்துக்கிடக்கும் ஓட்டுநரை நள்ளிரவுத் தடை எவ்வாறு காக்கும்? நேரத்தைக் கடிகாரத்தால் அளவாமல், ஒருவன் இருபத்துநான்கு மணியில் எத்துணைப் பொழுது ஆடினான் என்று அளந்தால் அது தறிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் ஒக்கும். அதுவும் மையக்கணினிக்கு எளிதே.

ஆதாரைப் பற்றியும் ஒரு சொல். ஓ.டி.பி. சென்று சேர்வது ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு. நம் வீடுகளில் அக்கைபேசி பெரும்பாலும் தந்தையாருடையது. மாலை நேரத்தில் அது இருப்பது மைந்தன் கையில். தந்தையின் எண்ணும் அவனுக்கு மனப்பாடம். பள்ளிக்கும் உதவித்தொகைக்கும் ரேஷனுக்கும் அவன்தானே எழுதிக் கொடுத்தவன்! கருவி ‘எண் சரி’ என்னும். கைக்குரியவன் யார் என்பதை அது அறியாது. இதனைச் சொன்னபொழுது வகுப்பிற் சிரிப்பெழுந்தது. யார் யார் சிரித்தனர் என்று யாம் குறித்துக்கொள்ளவில்லை.

எல்லையின் தொல்லை மற்றொன்று. 1937-இல் எல்லை என்பது ஒரு சாவடி; கடந்தவனைக் கண்ணாற் காணலாம். ஒரு மாநிலச் சட்டம் தன் எல்லைக்குள் இருப்போர்க்கு மட்டும் ஆட்டத்தை அடைக்க வேண்டுமாயின், ஆடுவோன் எங்கிருக்கிறான் என்று மையக்கணினி அறிதல் வேண்டும். இணைய முகவரியைக்கொண்டு அதனை ஊகிப்பர். சேலத்துக் கைபேசியின் முகவரி சென்னையினதாகவோ பெங்களூரினதாகவோ தோன்றுதல் அருமையன்று. தொலைபேசி நிறுவனத்தின் வாயில் எங்குளதோ அவ்வூர்ப் பெயரே தெரியும். வி.பி.என். என்னும் மறைவழியில் புகுந்தவன் அயர்லாந்தினின்று ஆடுவது போலவும் தோன்றுவான். ஆகவே இப்பொருளில் மாநிலச் சட்டம் தனித்து நிற்றல் கடினம் என்பதைக் கருவியே கூறிக்கொண்டிருந்தது.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. 20-ஆம் தேதி மக்களவையில் மசோதா கொணரப்பட்டு அன்றே நிறைவேறிற்று. 21-ஆம் தேதி மாநிலங்களவை. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் இசைவு. மூன்று நாள்! இரண்டு வாரத்தை வியந்த யாம் இதனை என்னென்போம்? விவாதம் மிகச் சுருங்கியது என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். விரைந்து வந்த இச்சட்டமே, எம் கருத்தில், கருவியின் நாடியைச் செவ்வனே தொட்டது. திறமையோ வாய்ப்போ என்னும் பழைய வழக்கை அது நாடவில்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவாயினும் விலக்கிற்று. ஆடுவோனைத் தண்டிக்காமல் விட்டது. நடத்துவோனுக்கு மூன்று ஆண்டு சிறையும் ஒரு கோடி ரூபாய் அபராதமும் வரை விதித்தது. தலையாயதாக, இவ்வாட்டங்களுக்குப் பணம் செல்லும் வழியை வங்கிகளும் பணமாற்று நிறுவனங்களும் அடைக்கவேண்டும் என்றது. 2016-இல் திறந்த கதவு எதுவோ அக்கதவிலேயே தாழிட்டது. பெரிய நிறுவனங்கள் சில நாட்களில் தம் பணயாட்டங்களை நிறுத்தின. அவர்கள் தொடுத்த வழக்குகள் செப்டம்பரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. திறமையாட்டத்தையும் சேர்த்து விலக்கியமை தகுமோ என்னும் 2021-இன் கேள்வி அங்கே எழுந்தது. அது சட்டநூலாரின் துறை.

எமக்குரிய கேள்வி வேறு. பணம் செல்லும் வழியை அடைத்தல் என்றால், வங்கி அவ்வழியை அடையாளம் காணுதல் வேண்டும். யூ.பி.ஐ.யில் ஒவ்வொரு வணிகருக்கும் அவர் தொழிலைக் காட்டும் ஒரு குறியெண் வழங்கப்படுகிறது. வெளிநாட்டினின்று களவாக நடத்தப்படும் சூதாட்டத் தளம் தன்னைச் சூது என்று பதிந்துகொள்ளுமோ? மளிகைக் கடை என்றும் துணி வியாபாரம் என்றும் பெயரிட்டுக்கொள்ளும். அன்றித் தனி மனிதரின் கணக்கை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். இவ்வாறு கணக்கை வாடகைக்கு விடுவோருள் மாணவர் உளர் என்பதை இம்மலரைப் படிக்கும் மாணவரே எம்மினும் நன்கறிவர். ‘சும்மா கிடக்கும் கணக்கு, மாதம் சில ஆயிரம் வரும்’ என்று சொல்லிக் கேட்பர். அக்கணக்கினுள் ஒரே நாளில் ஐந்நூறு பேரிடமிருந்து நூறு நூறாகப் பணம் வந்து, மாலைக்குள் மொத்தமாக வெளியே செல்லும். மளிகைக் கடைக்கு அவ்வாறு வராது. துணிக்கடையிலும் மாலைக்குள் பெட்டி வெறுமையாவதில்லை. வந்த பணம் எத்தனை மணி நேரம் தங்கிற்று என்பதை வங்கியின் நிரல் ஒரு நொடியிற் காட்டும். விரலிற் படும் சுண்ணாம்பு இங்கே அதுவாக இருக்கலாம். விதிகளை எழுதுவோர் வங்கிப் பதிவேட்டில் அதனைத் தேடுவாராயின், பள்ளிபாளையத்துத் தறிக்காரரின் கூலி மாலைவரையேனும் அவர் கணக்கில் இருக்கும்.